புற்றுக்காளான் ஸ்பாட்டரில் வந்தால்: ஹெய்மீயா, மைக்ரோகார்பஸா?

எம்.எஸ்சி. தாவரவியல் செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக, அதாவது அடையாளம் காண வைக்கும் மாதிரியாக, புற்றுக்காளானைப் பார்த்ததும் 'டெர்மிடோமைசிஸ்' என்று பேரினத்தோடு நிறுத்திவிடுபவர்கள் நிறைய. சிற்றினத்தையும் காரணத்தோடு எழுதினால்தான் விடை முழுமையாகும். ஹெய்மீ, மைக்ரோகார்பஸ் என்ற இரண்டு சிற்றினங்களையும் நான் பிரித்துப் படித்த முறை இது.

குடையின் அளவிலிருந்து தொடங்காதீர்கள். விரியாத ஹெய்மீ மொட்டும் சின்னதாகத்தான் இருக்கும். காம்பின் அடியைப் பாருங்கள். கறையான்கள் புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்க்கின்றன. ஹெய்மீ அந்த நிலத்தடித் தோட்டத்திலிருந்தே முளைத்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதனால்தான் அதற்கு நீண்ட போலிவேரும் (காம்பின் அடி வேர்போல மண்ணுக்குள் நீளும் பகுதி), குடை நடுவில் சாம்பல் படர்ந்த குமிழும் இருக்கின்றன. மைக்ரோகார்பஸுக்கு அந்தப் பாடு இல்லை. தோட்டத்தின் துணுக்குகளைக் கறையான்களே வெளியே கொண்டுவந்து மண்மேல் பரப்புகின்றன. அதிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள குடைகள் கூட்டங்கூட்டமாக முளைக்கின்றன. நீண்ட போலிவேர் இருக்காது. இந்த ஒரு காரணம் புரிந்துவிட்டால் பாதி வேறுபாடுகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

அடுத்தது வளையம். ஹெய்மீயின் காம்பில் தடித்த, நிலைத்து நிற்கும் வளையம் உண்டு, மைக்ரோகார்பஸில் இல்லை. ஃபார்மலின் ஜாடியில் நிறம் போய்விடும், வளையமும் போலிவேரும் போகாது. ஆகவே அவற்றை முதலில் எழுதுங்கள். நுண்ணோக்கியில் வித்துகளை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் நேரம்தான் வீணாகும்: இரண்டிலும் வழுவழுப்பான, நிறமற்ற நீள்வட்ட வித்துகள்தாம்.

வரலாறு கேட்டால் இரண்டு வரி போதும்: பேரினத்தை 1942-இல் ரோஜர் ஹெய்ம் நிறுவினார், ஹெய்மீயைத் தென்னிந்தியாவிலிருந்து 1979-இல் கே. நடராஜன் விவரித்தார்.

களத்தில் சேகரிக்கும்போது பிடுங்காதீர்கள், போலிவேர் அறுந்துவிடும். கத்தியால் சுற்றிலும் மண்ணை அகற்றி எடுங்கள். அப்புறம் குடையை வெட்டி, அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, டம்ளரால் மூடி இரவு முழுக்க விடுங்கள். இரண்டுமே இளஞ்சிவப்பு சாயலில்தான் வித்துத்தூள் உதிர்க்கும். பச்சையாக விழுந்தால் அது புற்றுக்காளானே அல்ல. பெரும்பாலும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான். சேகரித்ததைச் சமைத்துப் பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம். தேர்வுக்காகப் படித்த அடையாளங்களை மட்டும் நம்பி எந்தக் காட்டுக்காளானையும் வாயில் வைக்காதீர்கள்.