போடிமெட்டுக்காரன் கேக்குற ரேஸ் கேம்

ஃபோர்ஸா ஹொரைசன் 6ங்கிற கார் ரேஸ் கேம் ஜப்பான்ல நடக்குதுனு 2025ல சொன்னதுல இருந்து எனக்கு இரோஹாசகா ரோடு நெனப்புதான், நிக்கோ மலைல 48 வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜப்பான் எழுத்து. நம்ம போடிமெட்டுல 17 கொண்டை ஊசிதான், அதுக்கே ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திட்டுப் போற ஜீப்பு எதுத்தாப்ல வந்தா உசுரு தொண்டைக்கு வந்துரும். அந்தப் பயம் கேம்ல வரணும்ங்க. பத்தடி தெரியாத மூடுபனி, எறக்கம் பூரா பிரேக்கையே மிதிச்சா சூடாகி புடிக்காமப் போயிரணும், செகண்ட் கியர்ல எறக்குறவன்தான் தப்பிக்கணும். காரு எத்தனைங்கிற கவலையெல்லாம் எனக்கில்ல. அப்புறம் ஒரே டிவில ரெண்டு பேரு ஆட ஸ்பிளிட் ஸ்கிரீன் வேணும், இதுக்கு முந்துன ஹொரைசன் 5ல அது இல்லாம நானும் தம்பியும் கன்ட்ரோலருக்கு அடிச்சிக்கிட்டது போதும்டா சாமி. ஹாரன் மட்டும் நம்ம மூணாறு பஸ்சு மாதிரி வச்சுத் தாங்கப்பா!