ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பில் நிகழ்தகவில் ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ நடத்த வேண்டும்: ஒன்று நடப்பது மற்றொன்றைப் பாதிக்காதவை, அப்போதுதான் வாய்ப்புகளை அப்படியே பெருக்கலாம். நாணயமும் பகடையும் எனக்கே அலுத்துவிட்டன. இம்முறை சாலி கிளார்க் வழக்கு. இங்கிலாந்தில் வழக்கறிஞராக இருந்தவர். 1996இல் அவருடைய ஒரு கைக்குழந்தை இறந்தது, 1998இல் இன்னொன்று. இரண்டுக்கும் மூன்று மாதம்கூட நிறையவில்லை. தாய்தான் கொன்றார் என்று 1999 நவம்பரில் செஸ்டரில் ஆயுள் தண்டனை. ஜூரிகளில் பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள், இருவர் மறுத்தார்கள்.

ஜூலை 9, புதன்

கரும்பலகையில் 8,543 என்று எழுதி, அதே எண்ணால் பெருக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து விடை வந்தது: 7,29,82,849.

அரசுத் தரப்புச் சாட்சியான குழந்தை மருத்துவர் ராய் மெடோ சொன்ன கணக்கும் இவ்வளவுதான். சம்பாத்தியம் உள்ள, புகைபிடிக்காத, தாய்க்கு 26 வயது தாண்டிய வீட்டில் குழந்தை காரணம் தெரியாமல் இறக்க 8,543இல் ஒரு வாய்ப்பு. இரண்டு இறந்தால்? பெருக்கிவிடு! ஒரே தாய், தந்தை, ஒரே வீடு. இதில் சார்பின்மை எங்கிருந்து வந்தது? போதாக்குறைக்கு, எண்பதுக்கு ஒன்று என்று மதிப்பிட்ட பந்தயக் குதிரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஜெயிப்பதோடு ஒப்பிட்டிருக்கிறார்.

ஒரு மாணவி எழுந்தாள். “தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் அபூர்வம்தானே, சார்? எது அதிக அபூர்வம் என்றல்லவா பார்க்க வேண்டும்?” மணி அடித்த பிறகும் அதைப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 10, வியாழன்

2000இல் முதல் மேல்முறையீடு. எண்ணில் கோளாறு என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகள், மற்றச் சாட்சியங்களே போதும் என்று தள்ளுபடி செய்தார்கள். மறு ஆண்டு அரச புள்ளியியல் கழகம் வெளிப்படையாகக் கண்டித்தது. கிளார்க் சிறையிலேயே இருந்தார்.

ஜூலை 14, திங்கள்

கதவைத் திறந்தது ஓர் ஆய்வகத் தாள். இரண்டாவது குழந்தையின் உடலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி தண்டுவடத் திரவம்வரை பரவியிருந்தது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் முடிவைக் கையில் வைத்துக்கொண்டே எதிர்த்தரப்புக்குத் தரவில்லை. கணக்குப் பிழையைவிட எனக்கு ஆத்திரம் மூட்டுவது இதுதான். பிழைக்கு அறியாமை என்று ஒரு சாக்கு உண்டு.

29 ஜனவரி 2003 அன்று தண்டனை ரத்தானது. அதே டிசம்பரில் ஆஞ்செலா கேனிங்ஸ் என்ற இன்னொரு தாயும் விடுதலை. அங்கும் மெடோ சாட்சி சொல்லியிருந்தார். கிளார்க் 2007 மார்ச்சில், 42 வயதில் இறந்தார். மருத்துவப் பதிவேட்டிலிருந்து 2005இல் நீக்கிய மெடோவின் பெயரை மறு ஆண்டே நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது.