வெட்டப்பட்ட கடைசி நொடிகள்

வாட்ஸ்அப்பில் வருவதை எப்படிப் பார்ப்பது, எதை நம்புவது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க 2019இல் முடிவு செய்தேன். பாடப்பொருள் தேடியே இரண்டு மாதம் போனது. ஊடகச் செய்திகளை அலசிப் பார்க்கக் கற்பிப்பதற்காக, ஆசிரியர்களுக்கென்று யுனெஸ்கோ 2011இல் வெளியிட்ட பாடத்திட்டத்தை இறக்கிப் படித்தேன். எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்த நூல் அது. ஆனால் எங்கள் பிள்ளைகளின் வீட்டில் செய்தி வரும் வழியே வேறு. பெரியப்பா குடும்பக் குழுவில் போடுவார், அம்மா பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்.

எனக்கு அவசரம் இருந்தது. நான் வேலை பார்ப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். 2018 மே மாதம், போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு சென்னைக் குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அந்த நாட்களில் எல்லார் போனிலும் பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றிய குரல் பதிவுகளும் வீடியோக்களும்தான்.

அப்போது நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவே எனக்கு முதல் பாடமாகக் கிடைத்தது. பைக்கில் வரும் இருவர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஓர் அட்டையை உயர்த்திக் காட்டுவார்கள். அந்தக் கடைசி நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள்.

வகுப்பில் முதலில் வெட்டியதைப் போட்டேன், அப்புறம் முழுதையும். சத்தமே இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "வெட்டினது யாரு டீச்சர்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. எந்தக் கையேட்டிலிருந்தும் இப்படியொரு கேள்வியை என்னால் கொண்டுவந்திருக்க முடியாது.

அதிலிருந்து பாடப்பொருளைப் பிள்ளைகளிடமே கேட்டேன். வீட்டுக்கு வந்ததை நோட்டில் எழுதி வாருங்கள் என்றேன். நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்ததாக அறிவித்தது என்ற பழைய பொய் வந்தது. விண்ணிலிருந்து எடுத்த தீபாவளி இரவு என்று ஒரு படமும் வந்தது. அது பல ஆண்டுகளின் விளக்கொளியை வண்ணம் பிரித்துக் காட்டுவது, தீபாவளிப் படம் இல்லை என்று நாசா 2012லேயே விளக்கியிருந்தது. படத்தை கூகுளில் போட்டுத் தேடுவது, செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் யூடர்ன் தளத்தில் பார்ப்பது, வந்த செய்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் வெளியே போய் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது, இவ்வளவும் ஒரு மாதத்தில் படிந்துவிட்டன.

படியாதது வீடு. ஒரு மாணவி தாத்தாவிடம் "இது பொய்" என்று சொல்லப்போய், "நாலெழுத்து படிச்சதும் பெரியவங்களுக்கே புத்தி சொல்றியா" என்று வாங்கிக்கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டு வந்தாள். தப்பு என்னுடையது. உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த நான், அதை மரியாதையோடு சொல்லச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் அதற்கு மட்டும்தான். ஒருவர் தாத்தா, ஒருவர் பேத்தி என்று நடித்துப் பார்த்தோம். "பொய்" என்ற சொல்லே வரக்கூடாது. "தாத்தா, இதை உங்களுக்கு யார் அனுப்பினாங்க? அவங்களுக்கு யாராம்?" என்று கேட்டால் போதும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

குரல் பதிவுக்கு மட்டும் இன்றும் என்னிடம் சரியான கருவி இல்லை. படத்தைப் போல அதைத் தேட முடியாது. அதனால் நோட்டில் நான்கு கட்டம் போடச் சொன்னேன்: பேசுகிறவர் பெயர், ஊர், தேதி, எந்தக் காவல் நிலையம். அதே மாணவி, தாத்தாவுக்கு வந்த ஒரு பதிவைக் கேட்டு எழுத உட்கார்ந்தாள். நான்கு கட்டமும் காலி. ஒன்றும் சொல்லாமல் நோட்டை அவரிடம் நீட்டினாளாம். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, போனைக் காதருகே வைத்து முதலிலிருந்து மறுபடி கேட்டாராம்.