வாஹாவில் கிராவல் பைக்

ஆஸ்திரியாவில் மெல்க் முதல் கிரெம்ஸ் வரை டான்யூப் நதி திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. வாஹாவ் (Wachau) பள்ளத்தாக்கு என்பார்கள். 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஆற்றோரமாகவே நல்ல தார்ச்சாலை சைக்கிள் பாதை உண்டு, குடும்பத்தோடு போக அருமை. ஆனால் சரளைப் பாதையிலும் ஓட்டக்கூடிய கிராவல் பைக் சைக்கிள் இருந்தால் தயவுசெய்து சரிவில் மேலே ஏறுங்கள்!

மேலே, தோட்டக்காரர்களின் சரளைப் பாதைகள். பக்கத்தில் சாந்தே பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் கொடிகளுக்குத் திருப்பித் தருபவை அவைதான். கை வைத்துப் பார்த்தேன், நல்ல சூடு. இந்தப் படிக்கட்டு நிலங்களில் இயந்திரம் ஏறாது, கையால்தான் பறிக்க வேண்டும். அந்த உழைப்பைப் பார்த்தபின் இங்குள்ள ரீஸ்லிங் வகை வெள்ளை ஒயினின் விலை எனக்கு அதிகமாகவே தெரியவில்லை.

அப்புறம் ஆற்றோரத்து ஷ்பிட்ஸ் ஊரில் ஒரு படகு. மோட்டார் கிடையாது. கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தின் விசையிலேயே அக்கரை போகிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். தென்கரையில் கூட்டம் குறைவு, ஆப்ரிகாட் மரங்கள் அதிகம்.

செப்டம்பர், அக்டோபரில் போனால் அறுவடை நடக்கும். டிராக்டர் வந்தால் இறங்கி வழிவிடுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் பாதை.