உள்ளே எழுதிய பாத்திரம்

பழைய சீனத்து வெண்கலப் பாத்திரங்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய ஷாங் அரசமரபின் காலத்துப் பாத்திரங்களில் இருக்கும், தாவ்தியே என்ற விலங்கு முகத்தைக் கவனியுங்கள். பிதுங்கிய இரண்டு கண்கள், கொம்புகள், நடுவில் செங்குத்தாக ஒரு முகடு. ஒரு பாதியைக் கையால் மறைத்தால் முகம் போய், பக்கவாட்டில் நிற்கும் விலங்கு ஒன்று தெரியும். கையை எடுத்தால் மறுபடி முகம். இதற்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். நாம் பார்க்கும்போது அது நம்மைத் திரும்பிப் பார்க்கிறதே, எனக்கு அது போதும்.

களிமண் அச்சைத் துண்டு துண்டாகச் செய்து, பொருத்தி, அதில் வெண்கலத்தை வார்த்திருக்கிறார்கள். துண்டுகள் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் அந்த முகடு வரும். வேலையின் தழும்பையே அழகாக்கிவிட்டார்கள்!

அப்புறம் எழுத்து. தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் மாவ்கோங் திங் என்ற மூன்று கால் பாத்திரம் இருக்கிறது. ஷாங்குக்கு அடுத்து வந்த மேற்கு ஜோவ் அரசமரபுக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது. வெளியே அலங்காரம் மிகக் குறைவு. உள்சுவரில் சுமார் 500 எழுத்துகள்: அரசன் மாவ் கோமகனுக்குச் சொன்ன அறிவுரை, தந்த பரிசுகள், வழிவழியாகப் பிள்ளைகளும் பேரர்களும் இதைப் போற்றிப் பயன்படுத்தட்டும் என்ற வேண்டுதல். முன்னோர்களுக்குப் படையல் இடும் பாத்திரத்தின் உட்புறத்தில் எழுதினால், முதலில் படிக்க வேண்டியவர்கள் அவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.