ரைன் பாலம்: நான்காம் முறை ஊக்கு பிடித்தது

நேற்று மாலை மொட்டைமாடிக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். நான் கட்டும் மாதிரிப் பாலத்தின் கால் அசையவில்லை. மூன்று முறை பிய்த்துக்கொண்டு போன அதே கால்.

ரோமானியத் தளபதி சீசர் தன் காலியப் போர்க் (காலியா என்றால் பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ்) குறிப்புகளின் நான்காம் புத்தகத்தில், கி.மு. 55இல் ரைன் நதியின் குறுக்கே போட்ட மரப்பாலத்தை ஒரே அத்தியாயத்தில் விவரிக்கிறார். ஆற்றைக் கடக்கப் படகு தருவதாக அக்கரையில் வாழ்ந்த உபீ என்ற ஜெர்மானியக் குடி மக்கள் சொன்னார்கள். அது பாதுகாப்பும் இல்லை, தனக்கும் ரோமுக்கும் கௌரவமும் இல்லை என்று மறுத்துவிட்டார். மரம் கொண்டுவரத் தொடங்கிய பத்தாம் நாள் படை அக்கரையில். பதினெட்டு நாள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி, பாலத்தைத் தானே வெட்டிப் போட்டார். எழுத்தில் அளவு இருக்கிறது, படம் இல்லை. அதனால்தான் இதைக் கையால் கட்டிப் பார்க்கும் ஆசை வந்தது.

ஐம்பதில் ஒரு பங்கு அளவு எடுத்தேன். ரோமானிய அடி 29.6 செ.மீ. ஆற்றின் அடியில் அடித்து நட்ட ஒன்றரை அடி கன மரத்தூண்கள், அதாவது முளைகள், 9 மி.மீ., குறுக்கே போகும் இரண்டடி உத்தரம் 12 மி.மீ., நீர் வரும் பக்கம் (மேல்நீர்ப்பக்கம்) ஒன்று, நீர் போகும் பக்கம் (கீழ்நீர்ப்பக்கம்) ஒன்று என எதிரெதிரே நிற்கும் முளை ஜோடிகளுக்கு நடுவே 40 அடி என்பது 24 செ.மீ. ஒரு ஜோடியின் இரு முளைகளுக்கு நடுவிலும் இரண்டடிதான் விட்டிருக்கிறார், அதாவது உத்தரம் சரியாக உட்காரும் இடைவெளி. உலர்ந்த தேக்கில் அச்சாகப் பொருந்தியது, நனைந்ததும் உப்பி இறுகிவிட்டது. உப்புத்தாளால் அரை மி.மீ. தேய்த்த பிறகே சரியானது.

என்னை வாட்டியது ஃபிபுலா. லத்தீனில் உடுப்பில் குத்தும் ஊக்குக்கும் அதே சொல்தான். உத்தரத்தின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஃபிபுலா வைத்து முளைகளை விலக்கிக் கட்டினோம், வெள்ளம் எவ்வளவு மோதுகிறதோ அவ்வளவு இறுகும் என்கிறார். எங்கே, எப்படி என்று சொல்லவில்லை. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1570இலேயே தன் கணிப்பை வரைந்து வெளியிட்டார், சர்ச்சை ஓயவில்லை.

என் முதல் மூன்று முயற்சியிலும், ஃபிபுலா என்று நான் எடுத்துக்கொண்ட, முளை ஜோடியைக் குறுக்கே இணைக்கும் இரண்டு மர ஆணிகளில், உத்தரத்துக்குக் கீழே போகும் கீழாணியை உள்பக்கமும் (பாலத்தின் நடுவை நோக்கிய பக்கம்), அதற்கு மேலே போகும் மேலாணியை வெளிப்பக்கமும் வைத்திருந்தேன். கீழே தாங்குவதற்கு உள்பக்கம்தான் பலம் என்று நினைத்தேன். தண்ணீர் வந்ததும் உத்தரம் நழுவி மேலே எழும்பிற்று. மூன்றாம் முறை கண்ணை அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மேல்நீர்ப்பக்க முளை நீரோட்டத்தின் திசையில் சாய்ந்திருக்கிறது. நீர் தள்ளத் தள்ள இன்னும் சாய்கிறது. அப்போது அதன் உள்பக்கம் கீழே இறங்கும், வெளிப்பக்கம் மேலே ஏறும். அப்படியென்றால் மேலாணி உள்பக்கமும் கீழாணி வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டேன். இரண்டு ஆணியும் உத்தரத்தைக் கத்தரிக்கோல் மாதிரி கவ்விக்கொண்டன! குழாயைக் கூட்டக் கூட்ட மரம் லேசாகக் கிறீச்சிட்டது, கழன்று வரவில்லை. சீசர் எழுதிய அந்த ஒரு வரி என் கைக்கு வந்துவிட்டது. இரவு தூக்கமே வரவில்லை.

சோதனைத் தொட்டி, செடி வைக்கும் நீளத் தொட்டிதான். இரு முனையும் அறுத்து, அடியில் களிமண் நிரப்பினேன். மரத்தைத் தச்சுப் பட்டறைக் கழிவில் பொறுக்கினேன். பொம்மை மரம் விற்கும் கடையில் வாங்கிய மெல்லிய பால்சா, தண்ணீரில் இரண்டே நாளில் பஞ்சாகிவிட்டது. யாரும் அதைத் தொட வேண்டாம்.

கீழ்நீர்ப்பக்க முளையில் பிரச்சினை இன்னும் இருக்கிறது. அது நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்ந்திருப்பதால், நீர் தள்ளும்போது அங்கே பிடி தளர்கிறது. சீசர் கீழ்நீர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து சாய்வாக மேலும் முளைகள் அடித்ததாகச் சொல்வது இதற்காகவே என்று எனக்குப் படுகிறது. நேற்று விரலால் முட்டுக் கொடுத்துத்தான் சோதித்தேன். மரத்தில் முட்டு செய்வது இந்த வாரம். மேல்நீர்ப்பக்கம், எதிரிகள் மிதக்க விடும் மரங்களைத் தடுக்க அவர் அடித்த காவல் முளைகளும் பாக்கி. பாலத்தின் மேல் பரப்பிய தட்டிக்குத் தென்னை ஈர்க்கு பின்னுகிறேன், இரண்டு விரலகலம் முடிந்திருக்கிறது.

அதற்குள் மனம் சீசர் முற்றுகையிட்ட காலிய ஊரான அலேசியாவுக்குப் போய்விட்டது. கி.மு. 52இல் நடந்த அந்த முற்றுகையில், மூன்றடி ஆழக் குழிகளில் கூர்முளை நட்டு, எட்டு வரிசை போட்டிருக்கிறார்கள். பூவைப் போல இருப்பதால் வீரர்கள் அதற்கு லில்லி என்று பெயர் வைத்தார்கள். அதற்கு ஒரு தட்டில் களிமண் இப்போதே பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.