மாசி மாதம் தின்ற மதிப்பெண்

போன வாரம் முடிவு வந்தது. முதுகலை வரலாறு ஆய்வேட்டில் 71. எண்பதுக்குக் குறையாது என்று நம்பியிருந்தேன். தேறியதில் நிம்மதிதான், ஆனால் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பழைய பத்திரிகைகளை ஆதாரமாக வைத்து எழுதும் தம்பி தங்கைகள், மற்றதைத் தள்ளிவிட்டாலும் கீழே வரும் மாசி மாதக் கதையை மட்டும் படித்துவிடுங்கள்.

பர்மாவுக்குக் கொண்டுவிற்கச் சென்ற நகரத்தார் என்னும் செட்டியார்கள் 1930-களின் நெருக்கடியில் பட்ட பாட்டைத் தமிழ்ப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்பது என் தலைப்பு. காரைக்குடிக்காரன் என்பதால் எல்லாம் வாசலிலேயே கிடைக்கும் என்ற மிதப்பு வேறு. பல்கலைக்கழக நூலகத்தின் கணினியில் ‘ஊழியன்’ என்று அந்தக் காலப் பத்திரிகை ஒன்றின் பெயரைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் இப்படியே கழிந்தது.

ஒரு நாள் வயதான நூலகர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு உட்காரச் சொன்னார். “தம்பி, புத்தகம் தேடுவதுபோலப் பத்திரிகையைத் தேடாதீர்கள். எந்த ஆண்டு இதழ் எந்த ஊரில் இருக்கிறது என்பதை முதலில் தேடுங்கள்” என்றார். அதற்கு அவர் காட்டிய இடம் சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளம். அங்கே ஏற்றப்பட்டிருக்கும் பழைய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளைப் படித்தால், யார் எந்த இதழை எங்கே பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடும். ஆய்வேட்டைப் படிக்க வேண்டாம், அடிக்குறிப்பு போதும். ‘ஊழியன்’ முதலில் ‘தனவைசிய ஊழியன்’ என்ற பெயரில்தான் காரைக்குடியில் தொடங்கியது என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. பத்திரிகைகள் பெயர் மாறும். பட்டியல் எழுதியவர் எந்தப் பெயரில் பதிந்தாரோ, அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.

அடுத்தது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த தொகுப்பு அது. அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக அமைத்தது. டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்க வேண்டிய தாள்களுக்காக நான் விடியற்காலையில் பல்லவன் ரயிலைப் பிடித்துத் தரமணி வரை போனேன். குறை சொல்லவில்லை. இங்கேயே இருந்திருந்தால் பாதியைக் கரையான் தின்றிருக்கும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், சுதேசிப் பத்திரிகைகள் எழுதியதை ஆங்கில அரசு தன் அதிகாரிகளுக்காக மொழிபெயர்த்துச் சுருக்கிய வாராந்தர அறிக்கைகள் இருக்கின்றன. மூல இதழ் அழிந்துபோன இடத்தில் அதுதான் கதி. ஆனால் மொழிபெயர்த்தவர் அரசுச் சம்பளக்காரர் என்பதை மறந்து மேற்கோள் காட்டாதீர்கள்.

இனி மாசி.

பர்மாவில் ஆங்கில அரசுக்கு எதிராக சாயா சான் என்பவர் தலைமையில் உழவர் கலகம் தாராவடியில் வெடித்தது 1930 டிசம்பரில். அதில் நகரத்தார் பட்ட இழப்பைப் பற்றி ஒரு வார இதழில் அருமையான கட்டுரை கிடைத்தது. இதழின் முதல் பக்கத் தலைப்பில் ‘பிரமோதூத வருஷம் மாசி மாதம்’ என்று இருந்தது. பிரமோதூத என்றால் 1930, மாசி என்றால் பிப்ரவரி. அடிக்குறிப்பில் ‘பிப்ரவரி 1930’ என்று போட்டுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “டிசம்பரில் வெடித்த கலகத்தை உங்கள் பத்திரிகை பிப்ரவரியிலேயே எப்படி எழுதியது? ஆசிரியர் ஜோசியரா?” அறையே சிரித்தது. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. ஆகவே மார்கழியின் பிற்பகுதியும் தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். அந்த இதழ் 1931-ஆம் ஆண்டுடையது. சித்திரைக்கு வீட்டில் பலகாரம் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். எழுதும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சொன்ன எந்தத் தேதியையும் அவர் நம்பவில்லை.

தலைப்பில் கிழமையும் இருந்தது. ஒரு நிமிடம் பழைய நாட்காட்டியோடு ஒப்பிட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

உங்களுக்காக:

சித்திரையில் தொடங்கும் ஆண்டுகள்: 1927 பிரபவ, 1928 விபவ, 1929 சுக்கில, 1930 பிரமோதூத, 1931 பிரஜோற்பத்தி, 1932 ஆங்கீரச, 1933 ஸ்ரீமுக, 1934 பவ, 1935 யுவ, 1936 தாது. எழுதி மேசையில் ஒட்டுங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை இதே பெயர் திரும்பும் என்பதால் 1870-களின் தாளை 1930-களில் போட்டுவிடாதீர்கள்.

கட்டுரையைப் படம் எடுக்கும் முன் முதல் பக்கத் தலைப்பை எடுங்கள். ஒவ்வொரு இதழுக்கும். சோம்பல் கூடாது.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம் இலவசம். அங்கே ஆங்கிலத்தில் செட்டியார் என்று மட்டும் தேடினால் பாதிதான் வரும். அக்காலத்தவர் ‘செட்டி’ என்று எழுதினார்கள், அதுவும் ‘ஒய்’ போட்டும் ‘ஐ’ போட்டும். தமிழில் ரங்கூன், ரெங்கூன், இரங்கூன் மூன்றையும் தட்டுங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை எல்லாம் வேறு வடிவம். கணினித் தேடல் அவற்றில் அடிக்கடி தடுமாறும். பக்கம் பக்கமாகப் புரட்டுவதே எனக்குப் பிடிக்கும், பொறுமை இல்லாதவர்கள் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

வீடுகளையும் விடாதீர்கள். தெரிந்த ஆச்சி ஒருவர் வளவில் இருந்த பெட்டகத்தைத் திறந்து காட்டினார். வெள்ளிப் பாத்திரங்களுக்கு அடியில் விரித்திருந்தது பழைய சுதேசமித்திரன். “எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, பாத்திரத்துக்கு வேறு தாள் போட்டுக்கொள்கிறேன்” என்றார். ரங்கூன் அரிசி விலை அப்படியே இருந்தது. தலைப்பு இருந்த மேல் விளிம்பைத்தான் பெட்டகத்தின் அளவுக்கு யாரோ கத்தரித்திருந்தார்கள்.